கோணம்

நவம்பர் 3, திங்கள்
ஆய்வகத்தில் செலீனியச் சேர்மம் படிகமாக வரட்டும் என்று வைத்த குப்பியில் ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள்.

நவம்பர் 5, புதன்
அப்பத்தா இரவெல்லாம் கண் மூடவில்லை. கட்டிலை இரண்டாம் கட்டிலிருந்து வளவுக்கு, நடுமுற்றத்துப் பக்கம், மாற்றச் சொல்கிறார். "வாசல் தெரியணும் ஆத்தா." மழை பெய்தால் சாரல் அடிக்கும் என்று பெரியம்மாவுக்குக் கவலை. கடைசியில் மாற்றிவிட்டோம்.

நவம்பர் 6, வியாழன்
செலீனியமும் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனும் ஒன்றையொன்று இழுக்கின்றன, அது ஒரு மெல்லிய பிணைப்பு என்று நான் சொன்னதற்குப் போன மாதம் ஒருவர் கேட்ட கேள்வி இன்னும் காதிலேயே நிற்கிறது. "இதெல்லாம் படிகம் அடுக்கும்போது நெருக்கத்தில் வருவதுதானே?"

நெருக்கத்தில் வருவது என்றால் எவ்வளவு நெருக்கம்? பிணைப்பில்லாமல் பக்கத்தில் நிற்கும் அணு பிடிக்கும் இடத்தின் அளவு, வான் டெர் வால்ஸ் ஆரம், செலீனியத்துக்கு 1.90 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), ஆக்சிஜனுக்கு 1.52. கூட்டினால் 3.42. சும்மா பக்கத்தில் உட்காரும் இரண்டு அணுக்கள் அங்கேயே நின்றுவிட வேண்டும். எப்செலன் என்ற செலீனியச் சேர்மத்தின் படிகத்தில் செலீனியமும் அடுத்த மூலக்கூறின் கார்பனைல் ஆக்சிஜனும் (கார்பனோடு இரட்டைப் பிணைப்பில் இருப்பது) ஏறத்தாழ 2.6-க்கு வந்துவிடுகின்றன. முழுப் பிணைப்பாக இருந்தால் 1.8 பக்கம் இருக்கும். 0.8 உள்ளே வந்து, இன்னொரு 0.8 தள்ளி நின்றுகொண்டிருக்கிறது. இதைப் போய் நெருக்கடி என்று எப்படிச் சொல்வது? அன்றைக்கு இதைச் சொல்லாமல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

என் கந்தகச் சேர்மத்தில் கந்தகத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே 3.19. கணக்குப்படி எல்லை 3.32. உள்ளேதான், ஆனால் வாதாடப் போதாது. செலீனியம் வந்தால்தான் உண்டு.

நவம்பர் 9, ஞாயிறு
மழை. மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. காரைக்குடிக்குப் போய்க் குப்பியைப் பார்த்துவிட்டு வர பஸ்ஸும் இல்லை.

நவம்பர் 10, திங்கள்
ஊசிகள்! குளோரோபாரம் போட்ட குப்பியில். ஆனால் முடி மாதிரி மெல்லிசு, தொட்டால் வளைகிறது. அணுக்கள் எங்கே நிற்கின்றன என்று எக்ஸ்கதிரில் பார்க்க ஆகாது. ஹெக்சேன் என்ற கரைப்பானைக் கொஞ்சம் கூட்டி மறுபடி வைத்திருக்கிறேன், மூடியில் ஒரே ஒரு ஊசித்துளை.

செலீனியத்துக்குப் பதில் அதே குடும்பத்து டெல்லூரியத்தில் செய்தால் பிணைப்பு இன்னும் பலமாக இருக்கும். செய்ய மாட்டேன். துளி உள்ளே போனாலும் உடம்பு அதை மாற்றி மூச்சு வழியே அனுப்பும். நாள் கணக்கில் பூண்டு வாடை. படுத்திருக்கிறவர் பக்கத்தில் அப்படிப் போய் உட்கார எனக்கு மனசு வராது.

நவம்பர் 13, வியாழன்
இன்று கட்டிலை மூன்று முறை நகர்த்தினேன். "இன்னும் கொஞ்சம். தூண் மறைக்குது." அப்பத்தா எழுந்த நேரத்தில், அவர் தலை வைக்கும் இடத்தில் நானே படுத்துப் பார்த்தேன். நம் வீட்டில் முகப்பு, நிலைக்கதவு, வளவு, இரண்டாம் கட்டு, பின்தெருக் கதவு எல்லாம் ஒரே நேர்கோடு. அந்தக் கோட்டில் தலை இருந்தால் தெருவிளக்குக் கம்பம் வரை தெரிகிறது. அரை அடி விலகினால் தேக்குத் தூணின் வழவழப்பும் அதில் ஒட்டிய பழைய விளக்கெண்ணெய்க் கறையும்தான்.

படுத்தபடியே யோசித்தேன். நான் இத்தனை நாளும் தூரத்தையே பிடித்துக்கொண்டிருந்தேன். பேச வேண்டியது கோணம். செலீனியம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரியான உருண்டை இல்லை. ஒவ்வொரு பிணைப்புக்கும் நேர் பின்னால் எலக்ட்ரான் மெலிந்து நேர்மின்னூட்டம் எட்டிப்பார்க்கும். அதுதான் சிக்மா துளை. எப்செலனில் நைட்ரஜன் எலக்ட்ரானை இழுப்பதால் அதற்கு எதிர்ப்பக்கத் துளைதான் பெரிது. ஆக்சிஜன் சரியாக அங்கேதான் வந்து நிற்கிறது. நைட்ரஜன், செலீனியம், ஆக்சிஜன் மூன்றும் ஏறத்தாழ ஒரே கோட்டில். நெருக்கடியில் தள்ளப்பட்டது எந்தப் பக்கமும் வந்து விழலாம். இது வாசலைப் பார்த்து வந்திருக்கிறது. 2019-ல் உலக வேதியியல் அமைப்பான ஐயுபேக், கந்தகம், செலீனியம், டெல்லூரியம் குடும்பத்து அணுக்கள் இப்படிச் சேரும் சால்கோஜன் பிணைப்புக்கு வரையறை தந்ததும் சும்மா இல்லை.

இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருக்க வேண்டும்.

நவம்பர் 14, வெள்ளி
அப்பத்தா சாப்பிடவில்லை.

நவம்பர் 17, திங்கள்
கார்த்திகை பிறந்துவிட்டது. குப்பியில் மஞ்சள் கட்டிகள், நான்கு. லென்ஸில் பார்த்தால் முகங்கள் கத்தியால் சீவின மாதிரி. ஒளியை ஒரு திசையில் மட்டும் விடும் போலரைசரைச் சுற்றினேன், ஒன்று முழுசாக இருண்டு முழுசாக வெளிச்சமானது. இரட்டைப் படிகம் இல்லை! எண்ணெய்த் துளியில் போட்டு எக்ஸ்கதிருக்கு அனுப்பியாயிற்று.

வந்து அப்பத்தாவிடம் சொன்னேன். "கல்லு பிடிச்சிருக்கா?" என்றார், கல்கண்டு மாதிரி. ஆமாம் என்றேன்.

நவம்பர் 18, செவ்வாய்
மூச்சு இரைக்கிறது. டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார்.

நவம்பர் 20, வியாழன்
நாளை காலை எக்ஸ்கதிர்க் கோப்பு வருமாம். அப்பத்தா அரை டம்ளர் கஞ்சி குடித்தார். பெரியப்பா வருகிற பஸ் தாமதம், கதவைத் திறந்தே வைக்கச் சொல்கிறார். மழை விட்டிருக்கிறது, தெருவிளக்கு கட்டிலிலிருந்து தெரிகிறது. கோணம் 175 பாகைக்கு மேல் இருந்தால் போதும்.