வலது கை முதலில்

பத்து மாதமாக தினமும் காலை ஆறு மணிக்குக் கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், வயது 78. ஊரே அவரை சார் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே. போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. மகள் பெங்களூரில் இருக்கிறாள். வீட்டில் சாரும் அவர் மனைவி ஆச்சியும் மட்டும்தான். குளிப்பாட்டி, உடை மாற்றி, நாற்காலியில் உட்காரவைத்து, சாப்பாடு கொடுத்து, மதியம் வரை கூட இருப்பது என் வேலை. சாயங்காலம் இன்னொரு தடவை போவேன். மாதம் 12,000 ரூபாய் தருகிறார்கள்.

நான் பி.காம். முடித்தவன். மூன்று வருடம் குரூப் 4 தேர்வுக்குப் படித்தேன், கிடைக்கவில்லை. அம்மாவுக்கு அப்பளம் போடுகிற வேலை. முதல் மாதம் முழுக்க ஒரே கேள்விதான்: "ஏல, படிச்ச புள்ள, மூத்திரம் எடுக்கதுக்கா போற? நாளைக்கு உனக்கு யாரு பொண்ணு குடுப்பா?" அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் இந்த வேலைக்கு வந்ததே என் தாத்தாவால்தான்.

தாத்தா பாபநாசம் மில்லில் வேலை பார்த்தவர். அவருக்கும் பக்கவாதம்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது மாத்திரைச் சீட்டு கொடுத்தார்கள். எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மல்லாக்கப் படுக்க வைத்தே காபி கொடுத்தோம். ஒவ்வொரு மடக்குக்கும் இருமுவார். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்தது, பவுடர் போட்டுத் தேய்த்துவிட்டேன். பத்தே நாளில் அது புண்ணாகிவிட்டது. கடைசியில் நெஞ்சில் சளி கட்டி நாலாவது மாதம் போய்விட்டார். பாசத்துக்கு எங்கள் வீட்டில் குறைவே இல்லை. தெரியாமல் போனதுதான்.

சார் வீட்டுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு நர்ஸ் அக்காவும் பிசியோதெரபி அண்ணனும் வருவார்கள். 2021இல் ஆரம்பித்த திட்டம் அது. தாத்தா விஷயத்தில் எங்கே தவறினோம் என்பதே அவர்கள் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. படுத்தே கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது, அடியில் ரத்த ஓட்டம் ஏற்கெனவே கெட்டிருக்கும். நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் எதையும் கொடுக்க வேண்டும். விழுங்கச் சிரமப்படுகிறவருக்குத் தண்ணீரைவிடக் கெட்டியான கஞ்சி நல்லது என்று அக்கா சொன்னபோது முதலில் நம்பவில்லை. தண்ணீர் வேகமாக ஓடி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், கஞ்சி பைய இறங்கும் என்று விளக்கினார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

உடை மாற்றுவதில்கூட முறை இருக்கிறது. சட்டை போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது நாற்காலி நல்ல கால் பக்கம் இருக்க வேண்டும். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் தோள் இறங்கிவிடும்.

சாருக்கு நாம் பேசுவது எல்லாம் புரியும். பதில் சொல்லத்தான் வார்த்தை வராது. தண்ணீர் கேட்க முடியாமல் கண் கலங்குவார். ஒருநாள் அவரை எழுப்பி நிறுத்துவதற்காக "ஒண்ணு, ரெண்டு" என்றேன். "மூணு" என்று அவர் சொன்னார். நான் அசந்துபோனேன். பிசியோ அண்ணனிடம் சொன்னேன். பேச்சுப் போனவர்களுக்கும் பழகிப்போன எண்ணிக்கை, பாட்டு இதெல்லாம் சில சமயம் தங்கிவிடும் என்றார். சரி என்று வாய்ப்பாட்டை ஆரம்பித்துப் பார்த்தேன். பதினாறாம் வாய்ப்பாடு கடைசி வரை வந்தது. ஆச்சி அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். இப்போது எழுந்து நிற்பதற்கு எண்ணுவது சார்தான். மூன்று சொன்னதும் இரண்டு பேரும் சேர்ந்து எழுவோம்.

ஐப்பசியில் ஒருநாள் சாயங்காலம் சார் ஆச்சியையே அடையாளம் தெரியாமல் விழித்தார். மறுபடியும் பக்கவாதம் என்று ஆச்சி அழ ஆரம்பித்துவிட்டார். உடனே ஆட்டோ பிடித்து அம்பாசமுத்திரம் போனோம். இரண்டு நாளாக மூத்திரம் கலங்கலாக, வாடையோடு போனதை டாக்டரிடம் சொன்னேன். சோதித்துப் பார்த்தால் அதில்தான் கிருமி. வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் இப்படிக் குழப்பமாக வெளிப்படும் என்றார். மருந்து கொடுத்து நாலைந்து நாளில் தெளிந்துவிட்டார். அம்மா சொன்ன அதே மூத்திரம்தான். அதைத் தினமும் பார்க்கிற ஆள் ஒருவன் இருந்ததால்தான் சீக்கிரம் கண்டுபிடிக்க முடிந்தது. இதை அம்மாவிடம் சொன்னேன். அதற்கப்புறம் அந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று 1978இலேயே தனிப் பிரிவு வந்துவிட்டதாம். கிண்டியில் 2024இல் முதியோருக்கென்றே தனி மருத்துவமனை திறந்திருக்கிறார்கள். அதெல்லாம் எங்களுக்கு ஒரு ராத்திரி ரயில் தூரம். இங்கே தெருவுக்கு நாலு வீட்டில் பிள்ளைகள் வெளியூரில், பெரியவர்கள் தனியாக. ஆம்பிளை நோயாளியைத் தூக்கிக் குளிப்பாட்ட ஆம்பிளை ஆள் கிடைப்பது ரொம்பக் கஷ்டம். இதுவரை மூன்று வீட்டிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

அதனால் முறையாகப் படிக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். பிளஸ் டூவில் உயிரியல் எடுக்காததால் பி.எஸ்சி. நர்சிங் எனக்கு இல்லை. சில மாதத்தில் முடிகிற ஜெனரல் டியூட்டி அசிஸ்டண்ட், அதாவது நோயாளியைக் கவனிக்கிற உதவியாளர் பயிற்சியில் பாளையங்கோட்டையில் சேர்கிறேன். புண் கட்டுவது, டியூபில் உணவு கொடுப்பது, நாடி, ரத்த அழுத்தம் பார்ப்பது எல்லாம் கையில் பழக வேண்டும். பயிற்சி முடியும்வரை காலையில் சாரைப் பார்த்துக்கொள்ள ஆச்சிக்கும் பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று நான் தள்ளி நின்றுகொண்டேன். ஆச்சி சட்டையை உதறி, சாரின் இடது கைக்குக் கொண்டுபோனார். சார் தலையை ஆட்டினார். இடது கையைத் தூக்கித் தன் வலது கையைத் தொட்டுக் காட்டினார்.