ஸ்பெயினில் சட்டை வாங்க எனக்குப் போதுமான ஸ்பானிஷ்

ஸ்பானிஷில் துணிகளின் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கடையில் நம்மைக் காப்பாற்றுவது வாக்கியங்கள்தான். நான் முதலில் வாயில் ஏற்றிக்கொண்டது "மே லோ புவேதோ ப்ரோபார்?", அதாவது "போட்டுப் பார்க்கலாமா?" அப்புறம் "தோந்தே எஸ்தான் லோஸ் ப்ரோபதோரெஸ்?" என்று உடை மாற்றும் அறையைக் கேட்கலாம்.

அளவுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உடைக்கு 'தாய்யா', காலணிக்கு 'நூமெரோ'. சட்டை பெரிதாக இருந்தால் "மே கேதா கிராந்தே", இறுக்கினால் "மே கேதா எஸ்த்ரேச்சா". ஸ்பானிஷில் பொருள்களின் பெயருக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு; நிறச் சொல்லும் அதற்கேற்ப மாறும். சட்டை 'கமீசா' பெண்பால் என்பதால் வெள்ளைச் சட்டை 'கமீசா ப்ளாங்கா'. பேன்ட் ஆண்பால், எனவே 'பாந்தலோன் ப்ளாங்கோ'. இலக்கண நூலைவிட அலமாரி முன்னால் நின்று உரக்கச் சொல்லிப் பழகினால் இது சீக்கிரம் படியும். செய்து பாருங்கள்.

விற்பனையாளர் வந்து நின்றால் "சோலோ எஸ்தோய் மிராந்தோ, கிராசியாஸ்", சும்மா பார்க்கிறேன், நன்றி. சரி, இது போதும்.

நாடு மாறினால் சொல்லும் மாறும். ஸ்பெயினில் ஜாக்கெட் 'சாக்கேத்தா', மெக்சிகோவில் 'சமார்ரா', அர்ஜென்டினாவில் 'காம்பேரா'. போகும் நாட்டின் சொல்லையே படிப்பது நல்லது.

ஸ்பெயின் என்றால் 'ரெபாஹாஸ்' என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தள்ளுபடிக் காலம் அது. குளிர்கால விற்பனை வழக்கமாக ஜனவரி 6 அன்று வரும் மூன்று ராஜாக்கள் பண்டிகை முடிந்ததும் சூடுபிடிக்கும்.