சம்புக்குத் தீ: ஆவணிக் கடைசியில், காலையில்

கண்மாயில் தீ வைக்கக் கூடாது என்பது சரிதான். ஆனால் சம்பு (நாணல் போல உயரமாக வளரும் நீர்ச்செடி) மண்டிய கண்மாய்க்கு அனுமதியோடு ஒரு விலக்கு வேண்டும். காய்ந்த தாள் மெத்தையாகப் படிந்தால் கீழே கோரைக்கும் நீர்முள்ளிக்கும் வெளிச்சமே கிடைக்காது.

ஆடிக்காற்று அடங்கி, நீர் வற்றி, மண்ணில் ஈரம் இருக்கும்போதே எரிக்கணும். மண்ணும் காய்ந்திருந்தால் மக்கிய தழை புகைந்து விதைகள் வெந்துபோகும். வருஷத்துக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். பாம்பும் ஆமையும் ஒதுங்க இடம் வேண்டாமா? சுற்றிலும் தாளைச் சுரண்டி வெறுந்தரையாக்குங்கள். காற்று போகும் பக்கத்து ஓரத்தில் பற்றவைத்தால் தீ காற்றை எதிர்த்து மெல்ல நகரும். கடல்காற்று எழுந்து திசை மாறும் முன் அணைத்துவிடணும்.

தீ மட்டும் சம்பைக் கொல்லாது. எரிந்த சம்பின் அடிக்கட்டை மழைநீரில் மூழ்கினால்தான் கிழங்கு காற்றில்லாமல் அழுகும். சீமைக்கருவேலமோ தூரிலிருந்து மறுபடி தழைக்கும், வேரோடு தோண்டணும்.

ராமநாதபுரம் மாவட்டத்துச் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் பறவைச் சரணாலயங்கள். 1972 வனஉயிரினச் சட்டம் அங்கே தீயைத் தடுக்கிறது. வனத்துறைதான் முடிவெடுக்கணும்.