அப்பாவின் புதுக் குளிசை

அப்பாவின் இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுகிறது என்று கிளினிக்கில் அமியோடரோன் எழுதித் தந்திருக்கிறார்கள். அதில் அயடின் நிறைய. தைரொயிட், ஈரல், நுரையீரல் மூன்றையும் கவனிக்க வேண்டும். அதனால்தான் தொடங்க முன்னமே இரத்தப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும். நிறுத்தினாலும் உடம்பை விட்டுப் போக மாதக்கணக்காகும். இரத்தம் உறையாமலிருக்க வாஃபரினும் போடுகிறவர், அதன் அளவையும் குறைக்க வேண்டி வரும்.

இதெல்லாம் கேட்டும் அசையாத மனுசன், வெயில் பட்டால் தோல் எரியும் என்றதும்தான் நிமிர்ந்தார். "படுவான்கரை வயல ஆரு மனே பாக்கிற?" நீளக்கைச் சட்டை, தொப்பி, விடிய வெள்ளனப் போய்ப் பத்து மணிக்குள் திரும்புவது என்று பேரம் நடக்கிறது. எனக்கென்னவோ அந்தத் துடிப்பை அப்படியே விடுவதுதான் கூடப் பயம். வறட்டு இருமலோ மூச்சு வாங்குவதோ வந்தால் மறைக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கியாயிற்று. வெள்ளிக்கிழமை இரத்தம் எடுக்கிறார்கள்.