வாக்கெடுப்பு நாவலும் 117-க்கு 116-ம்

மாநில உரிமை பேசுகிறவர்கள் நடுவே ஓர் அரசியல் நாவலை வைப்பதில் ஒரு வசதி உண்டு. ஆளுநர் மாளிகையில் என்ன நடக்கும் என்று பத்துப் பக்கம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நம் பக்கம் ஜெயிக்கிற அத்தியாயத்தில் சட்டப்படி நடக்கவே முடியாத ஒன்று நடந்தாலும் நம்மவர்கள் கைதட்டிவிடுவார்கள். எதிர்முகாமில் படிக்கிறவர் அந்த ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு முழு நாவலையும் தள்ளிவிடுவார். அதனால் என் நாவலின் கொள்கையை இங்கே விற்கப் போவதில்லை. கதையை ஓட்டுகிற நம்பிக்கை வாக்கெடுப்புக் கணக்கை மட்டும் சொல்கிறேன். இதே மாதிரி எழுத நினைப்பவர்களுக்கும் உதவும்.

தமிழ்நாடு சட்டமன்றத்தில் மொத்த இடம் 234, பெரும்பான்மைக்கு 118. நாவலில் ஆளுங்கட்சிக்கு 119 பேர், எதிரணிக்கு 115. கேட்டால் நிம்மதியான எண்தான். ஆனால் அந்த 119-க்குள் சபாநாயகரும் ஒருவர். அரசமைப்பின் 189-ஆவது பிரிவுப்படி அவர் முதலில் வாக்களிக்க முடியாது. சமநிலை வந்தால் மட்டுமே ஓட்டு. ஆக, மோதுவது 118-ம் 115-ம். ஒருவர் அணி மாறினால் 117-க்கு 116, ஆட்சி பிழைக்கும். இருவர் மாறினால் 116-க்கு 117, கவிழும். ஒருவர் மாறி இன்னொருவர் வராமலே இருந்துவிட்டால் 116-க்கு 116; அப்போதுதான் சபாநாயகர் ஓட்டு உயிர் பெறும். எண்ணப்படுவது வந்திருந்து வாக்களித்தவர்களை மட்டுமே. எனவே 'ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்ட எம்.எல்.ஏ.' நாவலில் அணி மாறுகிறவருக்குச் சமமான பாத்திரம். அவருக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுத்திருக்கிறேன்.

அடுத்தது கொறடா, அதாவது எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி எம்.எல்.ஏ.க்களுக்கு உத்தரவிடுபவர். கதைகளில் அதிகம் தப்பாவது இங்கேதான். கொறடா உத்தரவை மீறினால் அந்த ஓட்டு செல்லாது என்று எழுதிவிடுகிறார்கள். ஓட்டு செல்லும், எண்ணிக்கையில் சேரும். தகுதிநீக்க நடவடிக்கை அதற்குப் பிறகு, சபாநாயகர் முன் நடப்பது. 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி 122-க்கு 11 என்று ஜெயித்தபோது எதிர்த்து வாக்களித்த ஓ. பன்னீர்செல்வம் அணியினர் யாரும் பதவி இழக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பதவி இழந்த 18 பேரோ அவையில் எதிர்த்து வாக்களித்தவர்கள் அல்லர். முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தவர்கள். 'தானாகக் கட்சி உறுப்பினர் பதவியை விட்டவர்' என்ற விதியை அவர்கள் மீது சபாநாயகர் பிரயோகித்தார். ஒரு கடிதம் ஓட்டைவிட ஆபத்தானது என்பது நாவலாசிரியருக்குத் தங்கச் சுரங்கம். ராஜ்பவன் வாசலில் கவர் கைமாறும் காட்சியை அவைக் காட்சியைவிட நிதானமாக எழுதலாம்.

கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்பதை முதல் வரி எழுதும் முன்பே முடிவு செய்யுங்கள். 1985-க்கு முன் என்றால் கட்சித் தாவலுக்குத் தண்டனையே கிடையாது. அதன் பின் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டமான அரசமைப்பின் பத்தாவது அட்டவணையில், மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தால் தப்பலாம் என்று ஓட்டை இருந்தது. 119 பேரில் 40. 2003-ஆம் ஆண்டின் 91-ஆவது திருத்தம் அந்த ஓட்டையை அடைத்தது. இப்போது மூன்றில் இரண்டு பங்கு, அதுவும் வேறு கட்சியோடு இணைப்பு என்ற பெயரில். 119-க்கு 80 பேர் வேண்டும். '40 பேரோடு வெளியேறினான்' என்பது 1995-இல் வியூகம், 2020-இல் தற்கொலை.

ஆட்சிக் கலைப்புக்கும் இப்படி ஒரு எல்லைக்கோடு உண்டு. 1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பின் பெரும்பான்மையை அவையில்தான் நிரூபிக்க வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாகக் கலைக்கிற கதை வேண்டுமானால் 1976-க்கோ 1991-க்கோ போங்கள். 1991 ஜனவரியில் ஆளுநர் பர்னாலா அறிக்கை அனுப்ப மறுத்தும் கலைஞர் ஆட்சி கலைக்கப்பட்டது. மாநில ஆட்சியைக் கலைக்க உதவும் 356-ஆவது பிரிவு, ஆளுநர் அறிக்கை இல்லாமலும் அதற்கு இடம் தருகிறது. அவைக்குள் ரகளை வேண்டும் என்றால் 1988 ஜனவரி 28 போதும்: முதல்வர் ஜானகி அம்மையாரின் நம்பிக்கை வாக்கெடுப்பு, அவைக்குள் போலீஸ், இரண்டே நாளில் கலைப்பு. கற்பனை அதைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை.

ரிசார்ட் காட்சி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2017-இல் எம்.எல்.ஏ.க்களைத் தங்கவைத்த கூவத்தூரை எல்லோரும் டிவியில் பார்த்தாயிற்று. என் நாவலில் அது நாலு பக்கம்.

பேரக் காட்சிக்குத்தான் உழைப்பு வேண்டும். ஆறு பேருக்கு மந்திரி பதவி என்று வசனம் எழுதினால் கணக்கு உதைக்கும்: முதல்வரையும் சேர்த்து அவையின் 15 விழுக்காடுதான் உச்சவரம்பு, 234-க்கு 35 பேர். தாவலுக்காகத் தகுதிநீக்கம் ஆனவர் மறுபடி ஜெயிக்கும்வரை, அல்லது அவரது பதவிக்காலம் முடியும்வரை மந்திரியாகவும் முடியாது. விவரம் தெரிந்த தரகர் அதனால் ராஜினாமாவைத்தான் கேட்பார். எம்.எல்.ஏ. அல்லாதவர் ஆறு மாதம் மந்திரியாக இருக்கலாம், காலியான இடத்துக்கு ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் வரும், நின்று ஜெயித்துக்கொள்ளலாம். ஆனால் அவையின் ஆயுள் ஓராண்டுக்கும் குறைவென்றால் இடைத்தேர்தல் நடத்த வேண்டியதில்லை. 2021 பிப்ரவரியில் புதுச்சேரியில் அடுத்தடுத்த ராஜினாமாக்களால் நாராயணசாமி அரசு வீழ்ந்தபோது பொதுத்தேர்தலே வாசலில் நின்றது. என் கதையில் அவைக்கு இன்னும் பத்து மாதம். அதனால் தரகரிடம் கொடுக்கப் பதவி இல்லை, பணமும் அடுத்த தேர்தல் சீட்டும்தான் உண்டு. வில்லனின் கையைக் கட்டிப்போட்ட பிறகுதான் அவன் புத்திசாலியானான்.

முடிவைச் சொன்னாலும் குறையொன்றுமில்லை: 117-க்கு 116. மாறியவர் ஒருவர், அவரே மாவட்டச் செயலாளர். பத்தாவது அட்டவணையில் பலர் கவனிக்காத ஒரு விதி இருக்கிறது. கொறடாவை மீறியவரைக் கட்சி 15 நாளுக்குள் மன்னித்துவிட்டால் அந்த ஓட்டுக்காக அவர் பதவி போகாது. அவரைத் தூக்கினால் அவையில் 117-க்கு 115, ஆட்சிக்கு லாபம். ஆனால் மாவட்டத்தின் கிளைச் செயலாளர்கள் அவர் போட்டவர்கள், தேர்தலுக்குப் பத்து மாதமே இருக்கிறது. கடைசி 90 பக்கமும் அந்த 15 நாள்தான்.