பொறுப்பு யாருக்கு: ஜூன், ஜூலை நாட்குறிப்பு

2025 ஜூன் 2, திங்கள்

வீடு வீடாகப் போய் மனநோயாளிகளைக் கவனிக்கும் எங்கள் குழுவின் தலைவர் பெரிய சிஸ்டர் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார் என்று காலைக் கூட்டத்தில் டாக்டரே சொன்னார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிஸ்டர் மட்டும் வழக்கம்போல நீள நோட்டைத் திறந்து பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பெயருக்கும் யாராவது பதில் சொல்லியாக வேண்டும்: கடைசியாகப் பார்த்தது யார், தூக்கம் எப்படி, மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது, வீட்டில் சண்டை சச்சரவு உண்டா. பதில் கிடைக்காத பெயருக்குச் சிவப்பு மையில் ஒரு சுழி விழும். அன்றைக்கு வேன் முதலில் அந்த வீட்டுக்குத்தான் போகும். இந்த நோட்டை இனி யார் வாசிப்பது என்பதைத்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஜூன் 3, செவ்வாய்

குழுத் தலைமைக்கான விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

தூக்கம் வரவில்லை, படித்துக்கொண்டிருந்தேன். 1970களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் லியோனார்ட் ஸ்டெயினும் மேரி ஆன் டெஸ்டும் தொடங்கிய முறையை எம்.ஃபில். வகுப்பில் ஒரு பாடமாகத்தான் கேட்டிருந்தேன். மருத்துவமனை வார்டில் நடந்த சிகிச்சையை அவர்கள் நோயாளியின் வீட்டுக்கும் தெருவுக்கும் கடைக்கும் கொண்டுபோனார்கள். அந்த முறையில் ஒரு நோயாளி ஓர் ஊழியருக்கு மட்டும் உரியவர் அல்லர். குழு முழுவதும் அவரை அறிந்திருக்க வேண்டும். ஏறத்தாழப் பத்து நோயாளிகளுக்கு ஓர் ஊழியர் என்பது கணக்கு. குழுத் தலைவரும் மேசையோடு நின்றுவிடாமல் நோயாளிகளைப் பார்க்க வேண்டும், அவர் மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பத்துக்கு ஒருவர் என்பது நமக்கு எட்டாத கனவு. ஆனால் தலைவர் களத்தில் இருக்க வேண்டும் என்பதற்குப் பணம் தேவையில்லை, மனம்தான் தேவை. பெரிய சிஸ்டர் மேடிசனைப் பற்றி எதுவும் படிக்காமலேயே இத்தனை ஆண்டுகளாக அதைச் செய்துவந்திருக்கிறார்.

ஜூன் 9, திங்கள்

குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டத்து வீடு. மழையால் ஒரு வாரமாகப் பால்வெட்டு இல்லை. மரங்களில் சிரட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மகன் திண்ணையில் உட்கார்ந்து வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். விரலால் முனையைத் தடவிப் பார்ப்பதும் மறுபடி கல்லில் இழுப்பதுமாக இருந்தான், கை நடுங்கவில்லை. கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இவன் மாத்திரையை அடிக்கடி நிறுத்திவிடுவான், குரல்கள் திரும்பிவிடும். காரணம் ஒருவருக்கும் பிடிபடவில்லை. பெரிய சிஸ்டர் ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்குத் தோட்டத்துக்கே போய், நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் தூக்கக் கலக்கத்தில் தள்ளாடுகிறவனைக் கண்டார். இரவு பத்து மணிக்குத் தூக்கம் தரும் மனநோய் மாத்திரையான ஒலன்சபினை விழுங்கிவிட்டு மூன்றரைக்கு எழுந்திருப்பவனின் நிலை அது. சிஸ்டர் வந்து சொன்ன அன்றே டாக்டர் மாத்திரையை மாலை ஏழு மணிக்கு மாற்றினார். அதன்பிறகு அவன் நிறுத்தவில்லை.

கிளம்பும்போது அம்மச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மக்களே, எனக்க காலத்துக்குப் பெறவு இவன ஆரு நோக்குவா?" என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் இதையே கேட்கிறார். ஒவ்வொரு முறையும் நாங்கள் இருக்கிறோம் என்றுதான் சொல்கிறேன். நாங்கள் என்றால் யார் என்று இன்று வேனில் வரும்போதெல்லாம் யோசித்தேன்.

ஜூன் 12, வியாழன்

லித்தியம் என்ற மனநல மருந்து எடுக்கும் மீனவர், தூத்தூர்க்காரரின் இரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. மீன்பிடித் தடைக்காலம் ஜூலை 31 வரைதான், பிறகு அவர் கடலுக்குப் போய்விடுவார்.

ஜூன் 13, வெள்ளி

நேர்காணல் முடிந்தது. மூன்று பேர் இருந்தார்கள். நிதி, வாகனம், அறிக்கை என்று கேட்டவற்றுக்கெல்லாம் தயக்கமின்றிச் சொன்னேன். கடைசியில் ஒருவர், "நீங்கள் மருத்துவர் இல்லையே, மருத்துவர் உங்கள் சொல்லைக் கேட்பாரா?" என்றார். குலசேகரத்து விடியற்காலையைச் சொன்னேன். பார்த்துவிட்டு வந்து சொல்பவரின் பேச்சை எந்த நல்ல மருத்துவரும் கேட்பார் என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டாரா, போதும் என்றாரா என்பது புரியவில்லை.

அரசின் மாவட்ட மனநலத் திட்டத்தில் தலைமைப் பொறுப்பு மனநல மருத்துவருக்கே உரியது. 1996இல் அத்திட்டம் தொடங்கியபோது அதுவே இயல்பாக இருந்திருக்கும். ஆனால் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநலச் செவிலியரையும் மனநலச் சமூகப்பணியாளரையும் தனித்தனியே வரையறுத்து, சமூகப்பணியாளர்களான எங்களுக்கு என்ன படிப்பு வேண்டும் என்பதையும் எழுதிவைத்திருக்கிறது. சமூகப்பணியில் முதுகலை, அதன்மேல் இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில். இவ்வளவையும் கேட்கிற சட்டத்தின் கீழ் ஒரு குழுவை நடத்தும் தகுதி எங்களுக்கு ஏன் இருக்காது?

ஜூன் 17, செவ்வாய்

மருத்துவர் உங்கள் சொல்லைக் கேட்பாரா.

ஜூன் 20, வெள்ளி

பயிற்சிக்கு வந்திருக்கும் பெண், குளச்சலிலிருந்து திரும்பும் வழியில், "அக்கா, இந்த வேலையில மேல போக வழி இருக்கா?" என்று கேட்டாள். நல்ல பிள்ளை, வீடுகளுக்குள் காலணியைக் கழற்றிவிட்டு நுழைகிறாள், பாயைக் காட்டினால் பாயில் உட்காருகிறாள். அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. ஒப்பந்தம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்பட வேண்டும், மேலே போவது என்றால் பெரும்பாலும் களத்தை விட்டுப் போவது, திட்ட அலுவலகம், கல்லூரி, சென்னை என்றேன். களத்திலேயே இருந்துகொண்டு மேலே போகிற ஒரே பதவி குழுத் தலைமைதான் என்பதையும் சொன்னேன். அது காலியாவது அபூர்வம் என்பது அவளுக்கே தெரிந்திருக்கும்.

வேலையின் உள்ளடக்கத்தையும் கேட்டாள். யாரை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று தீர்மானிப்பது; கத்தியை எடுத்தார் என்று செய்தி வந்த வீட்டுக்கு ஒருவரைத் தனியே அனுப்பாமல் இருப்பது; குளோசபின் என்ற மனநோய் மருந்து எடுப்பவர்களுக்கு முதல் 18 வாரம் வாரந்தோறும் இரத்த அணு எண்ணிக்கை பார்க்கப்படுகிறதா என்று கவனிப்பது; ஆட்சியர் அலுவலகத்தில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்காக நடையாய் நடக்கும் குடும்பத்துக்கு உரிய தாளைக் கையில் கொடுத்து அனுப்புவது; நோயாளி ஒருவர் இறந்துபோனால், அவரைப் பார்த்துவந்த ஊழியரை அன்று மாலை தனியே வீட்டுக்கு அனுப்பாமல் கூட இருப்பது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்த வேலைக்கு அவள் பொருத்தமானவள் என்று நினைக்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

இரவு பதினொன்றரைக்குக் காவல் நிலையத்திலிருந்து சிஸ்டருக்குத் தொலைபேசி. வடசேரிப் பேருந்து நிலையத்தில் ஒரு பெண், வேற்று மாநிலத்தவர், யாரையும் அருகில் விடவில்லை. சிஸ்டர் என்னையும் அழைத்துக்கொண்டார். போகும் வழியிலேயே காவலரிடம், சட்டப்படி அவரை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது என்று மெல்லச் சொல்லி முடித்துவிட்டார். அங்கே போய்ச் சேர்ந்ததும் சிஸ்டர் முதலில் கேட்டது சூடான தேநீர். ஒன்றை அந்தப் பெண்ணிடம் நீட்டிவிட்டு, இன்னொன்றைத் தானே குடித்துக்கொண்டு, சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு அந்தப் பெண்ணே எழுந்து வண்டியில் ஏறினார்.

வீடு திரும்ப மூன்று மணி ஆனது. அம்மா விழித்திருந்தார். "இந்தப் பதவி கெடைச்சா தெனமும் இப்படித்தானா மோளே?" என்றார்.

ஜூன் 28, சனி

முடிவு எதுவும் தெரியவில்லை.

ஜூன் 30, திங்கள்

பிரிவு உபசாரம் வேண்டாம் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். மாலைவரை முட்டம் பக்கத்து வீடுகளில் ஊசி போட்டுவிட்டு வந்து, நோட்டை டாக்டரின் மேசையில் வைத்தார். என்னிடம் தரவில்லை. ஆணை வராத ஒருவரிடம் தரக் கூடாது என்பதில் அவர் சரியாக இருந்தார், ஆனாலும் எனக்கு வலித்தது.

ஜூலை 3, வியாழன்

டாக்டருக்கு வெளி நோயாளிகள் கூட்டம், சின்ன சிஸ்டர் விடுப்பில். இரண்டு நாளாகக் காலையில் பெயர்கள் வாசிக்கப்படவில்லை. இன்று டாக்டரிடம் கேட்டு நோட்டை எடுத்து நானே வாசித்தேன். பதினோரு பெயர்களுக்குச் சுழி விழுந்தது. இதுவரை ஒரே காலையில் இத்தனை சுழி விழுந்து நான் பார்த்ததில்லை.

ஜூலை 9, புதன்

ஆணை வந்தது. பொறுப்பு எனக்குத்தான். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: குழுத் தலைவர் நேரடிக் களப்பணியில் ஈடுபட வேண்டியதில்லை, மேற்பார்வையும் அறிக்கையும் அவர் கடமை.

எனக்கு நல்லது செய்வதாக நினைத்தே எழுதியிருக்கிறார்கள், பளுவைக் குறைப்பதாக. ஆனால் வீட்டுக்குள் போகாதவரால் எதை மேற்பார்வையிட முடியும்? ஒரு நோயாளியின் சமையலறையில் இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை என்பது எந்தப் படிவத்திலும் வராது. ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் வெந்து இறந்தார்கள். அவர்கள் கட்டப்பட்டிருந்தது ஊருக்கே தெரியும், மேலே இருந்தவர்கள் யாரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை என்பதுதான் என் மனத்தில் நிற்கிறது. இன்று சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்கிறது. தடையை நடைமுறையாக்குவது வாசல்படியைத் தாண்டி உள்ளே போகிற ஒரு மனிதர்தான்.

இதையெல்லாம் கடிதமாக எழுதினேன். பொறுப்பை ஏற்கிறேன், சில வீடுகளை என்னிடமே விட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

பதில் இல்லை. மழை விடவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

தூத்தூர்க்காரரின் புதிய முடிவு வந்தது: லித்தியம் 0.8. சென்ற முறை எடுத்தது இரவு மாத்திரைக்குப் பிறகு 12 மணி நேரம் ஆகும்முன் எடுத்த இரத்தம். அதனால் மீண்டும் எடுக்க வேண்டியிருந்தது. இப்போது நிம்மதி.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் தேங்காப்பட்டணத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறார், திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குறைந்தாலும், வாந்தி வயிற்றுப்போக்கு வந்தாலும், முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டாலும் இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கடலுக்குப் போகிறவர்கள் சட்டைப்பையில் வலி மாத்திரை இல்லாமல் போவதில்லை. கை உதறல் அதிகமானால், நடை தள்ளாடினால் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கரைக்குத் திரும்ப வேண்டும் என்பது படகில் இன்னொருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அது யார் என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். அவர் நோயைப் பற்றி அவர் சம்மதமில்லாமல் ஒரு சொல் வெளியே போகக் கூடாது. வெகுநேரம் யோசித்துவிட்டு, "எனக்க மச்சான் அதே போட்டிலதான் வாறான், அவங்கிட்ட நானே சொல்லுதேன்" என்றார்.

ஜூலை 25, வெள்ளி

ஆறு வீடுகள் வைத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்துவிட்டது. டாக்டரும் எனக்காக எழுதியிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

ஜூலை 28, திங்கள்

எந்த ஆறு? எனக்கு விருப்பமான வீடுகளை எடுத்துக்கொண்டால் குழு கவனிக்கும். மிகக் கடினமான வீடுகளையெல்லாம் நானே எடுத்தால் சின்ன சிஸ்டரும் மற்றவர்களும் எப்போது கற்றுக்கொள்வார்கள்? குலசேகரத்து அம்மச்சியின் கேள்விக்கு நான் ஒருத்தியே பதிலாக இருந்தால், நாளை எனக்கும் வயதாகும், அப்போது அந்த மகனுக்கு யார்? அவனை இப்போதே மூன்று பேருக்குப் பழக்கப்படுத்துவதே சரி என்று அறிவு சொல்கிறது. அம்மச்சியிடம் அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. நான் கைவிட்டுவிட்டதாக நினைத்துவிடுவார்.

நான்கு வீடுகளை எழுதிவிட்டேன். மற்ற இரண்டு இன்னும் முடிவாகவில்லை.

ஜூலை 30, புதன்

வேன் பழுது. நாளை தூத்தூருக்கு மாத்திரைகளோடு பயிற்சிப் பெண்ணும் சின்ன சிஸ்டரும் பேருந்தில் போகிறார்கள். மச்சானிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன். நான் எட்டு மணிக்குக் கூட்டம் முடித்துவிட்டுக் குலசேகரம் போகிறேன். டாக்டரும் வருகிறேன் என்றார்.