ஜிகால்ஸ்கி ஷீட்டை கையால வெட்டிப் பார்த்த அனுபவம்

ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மன்காரங்க ரகசிய செய்தி அனுப்பப் பயன்படுத்தின எனிக்மா மெஷினை உடைச்சது யாருன்னா எல்லாரும் இங்கிலாந்து கணித மேதை ஆலன் டூரிங் பேரைத்தான் சொல்றாங்க. அவர் பெரிய ஆளு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அவர் இங்கிலாந்தோட குறியீடு உடைக்கிற மையமான பிளெட்ச்லி பார்க்குக்குள்ள போறதுக்கு கிட்டத்தட்ட ஏழு வருஷம் முன்னாடி, 1932 டிசம்பர்லயே, போலந்துல மரியன் ரெயேவ்ஸ்கி வெறும் கணக்கையும் பிரெஞ்சுக்காரங்க கொடுத்த கொஞ்சம் டாக்குமென்ட்டையும் வச்சு அந்த மெஷினோட உள் வயரிங்கையே கண்டுபிடிச்சிட்டார். அவர், யெர்ஜி ருஜிட்ஸ்கி, ஹென்ரிக் ஜிகால்ஸ்கி, மூணு பேருமே போஸ்னான் யுனிவர்சிட்டில மேத்ஸ் படிச்சவங்க. ஜனவரி 9 ருஜிட்ஸ்கி இறந்த நாள், 1942ல அல்ஜீரியாவுல இருந்து பிரான்ஸ் திரும்புறப்ப லாமோரிசியேர்ங்கிற கப்பல் மூழ்கினதுல இறந்துட்டார், வயசு 32 தான். அந்த நாளுக்கு வெறும் போஸ்ட் போட எனக்கு மனசு வரல, அவங்க கையால செஞ்ச ஒரு வேலையை நானும் கையால செஞ்சு பாக்கணும்னு தோணுச்சு.

அப்ப ஜெர்மன்காரங்க மெசேஜ் கீயோட, அதாவது ஒவ்வொரு செய்திக்கும் தனியா தேர்ந்தெடுக்கிற சாவியோட, மூணு எழுத்தை ரெண்டு தடவை டைப் பண்ணி அனுப்புவாங்க. அதனால முதல் எழுத்தும் நாலாவது எழுத்தும் உள்ள ஒண்ணுதான், சில சமயம் வெளிய வர்றப்பவும் ரெண்டும் ஒரே எழுத்தா வந்து விழும். அப்படி விழ முடியுமா முடியாதாங்கிறது ரோட்டர், அதாவது உள்ள சுத்துற வயரிங் சக்கரம், நிக்கிற பொசிஷனைப் பொறுத்தது மட்டும்தான், முன்னாடி எழுத்துக்களை ஜோடி ஜோடியா மாத்துற பிளக்போர்டை எப்படி மாத்திக் குத்தினாலும் அது மாறாது. இதைப் பிடிச்சதுதான் ஜிகால்ஸ்கியோட மூளை. விழ முடியுற பொசிஷனுக்கெல்லாம் பேப்பர் ஷீட்ல ஒரு ஓட்டை, ஷீட்டுகளை மேல மேல அடுக்கி விளக்குல காட்டினா எந்த ஓட்டை கடைசி வரைக்கும் தெரியுதோ அங்கதான் விடை, அதாவது அன்னைக்கு ரோட்டர்களை எப்படி செட் பண்ணியிருந்தாங்கங்கிறது.

ரோட்டர் 1, 2, 3 வரிசை, ரிஃப்ளெக்டர் (சிக்னலை ரோட்டர் வழியா திருப்பி அனுப்புற பாகம்) பி, இதை வச்சு எங்கெங்க ஓட்டை வரும்னு ஒரு சின்ன புரோகிராம் எழுதி எடுத்துக்கிட்டேன். அவங்களுக்கு அந்த வசதி கிடையாது, சைக்ளோமீட்டர்னு ஒரு கருவியை அவங்களே செஞ்சு 1,05,456 பொசிஷனுக்கு கேட்டலாக் போட்டாங்க, 1937ல ரிஃப்ளெக்டர் மாறினதும் மொத்தத்தையும் முதல்ல இருந்து திரும்பப் போட்டாங்க.

சார்ட் பேப்பர்ல 51க்கு 51 கட்டம், ஒவ்வொண்ணும் ஒரு சென்டிமீட்டர். எழுத்து 26தானே, 26 போதாதான்னு நானும் முதல்ல நினைச்சேன், ஆனா ஷீட்டை நகர்த்தி நகர்த்தி அடுக்கணும், ஓரத்துல விட்டுப் போகக் கூடாதுன்னுதான் எழுத்துக்கள் திரும்ப வர்ற மாதிரி போட்டிருக்காங்க. ஒரு ஷீட்டுக்கு சுமார் ஆயிரம் ஓட்டை, ஒரு ஓட்டைக்கு பிளேடுல நாலு வெட்டு. கட்டத்தை முழுசா வெட்டினா பக்கத்து பக்கத்து ஓட்டை சேர்ந்து பேப்பர் கிழிஞ்சிடுது, அதனால ஏழு எட்டு மில்லிமீட்டரோட நிறுத்திக்கிட்டேன். முதல் ஷீட்டுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, ரெண்டு ராத்திரி, ஆள்காட்டி விரல் மரத்துப் போச்சு.

ரெண்டாவது ஷீட்ல ஒரு வரிசை முழுக்க ஒரு கட்டம் தள்ளி வெட்டிட்டேன். அப்பதான் ஒரு விஷயம் உறைச்சுது, தேவையில்லாத ஓட்டை இருந்தா ஒரு பொய் விடை கூட வரும், சோதிச்சுத் தள்ளிடலாம், ஆனா இருக்க வேண்டிய ஓட்டை இல்லன்னா சரியான விடையே மறைஞ்சு போயிடும், எங்க தப்புன்னு கண்டுபிடிக்கவே முடியாது. டேப் ஒட்டி மூடிட்டு அந்த வரிசையைத் திரும்ப வெட்டினேன், அதுக்கப்புறம் ஒவ்வொரு வரிசையும் ரெண்டு தடவை எண்ணிப் பார்த்துட்டுதான் பிளேடை வச்சேன்.

அவங்களுக்கு ஒரு செட்டுக்கு 26 ஷீட், மூணு ரோட்டரை மாத்தி மாத்தி வைக்கிற ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு செட்னு ஆறு செட், அதாவது ஒன்றரை லட்சம் ஓட்டைக்கு மேல. ரகசியம் வெளிய போயிடக் கூடாதுன்னு ஆள் வைக்காம அவங்களே ரேசர் பிளேடு எடுத்து வெட்டினாங்க. ரெண்டு செட் முடிச்ச நேரத்துல, 1938 டிசம்பர்ல, ஜெர்மன்காரங்க ரெண்டு புது ரோட்டர் சேர்த்துட்டாங்க, அஞ்சுல மூணை எடுத்து வைக்கணும்னு ஆனதால ஆறு செட் அறுபது ஆகிடுச்சு. 1939 ஜூலைல வார்சா பக்கத்துல பிரி காட்டுல எல்லாத்தையும் பிரிட்டிஷ், பிரெஞ்சுக்காரங்க கிட்ட ஒளிக்காம கொடுத்தாங்க, அறுபது செட்டையும் இங்கிலாந்துல ஜான் ஜெஃப்ரிஸ் தலைமையில செஞ்சு முடிச்சாங்க. அந்த ஷீட்டை, போர் தொடங்கினதும் பிரான்ஸுக்குத் தப்பிப் போயிருந்த இந்த மூணு போலந்துக்காரங்க கிட்ட கொண்டு வந்து கொடுத்தவர் டூரிங். போருக்கு அப்புறம் நாடு திரும்பின ரெயேவ்ஸ்கி வாயே திறக்காம கணக்கு எழுதுற வேலை பார்த்தார், 2000ல போலந்து அரசு பெரிய விருது கொடுத்தப்ப மூணு பேர்ல ஒருத்தரும் உயிரோட இல்ல. இதை எழுதுறப்ப இப்பவும் எனக்கு தொண்டை அடைக்குது.

ஜனவரி 9 ராத்திரி மூணாவது ஷீட் முடிஞ்சுது. கண்ணாடி டேபிளுக்குக் கீழ டியூப்லைட்டை வச்சு மூணையும் நகர்த்தி அடுக்கினேன், 26க்கு 26, மொத்தம் 676 இடத்துல நாப்பத்தி சொச்சம் இடத்துல மட்டும் வெளிச்சம் வந்துச்சு, நான் முன்னாடியே குறிச்சு வச்சிருந்த சரியான இடமும் அதுல இருந்துச்சு. வீட்ல எல்லாரையும் எழுப்பிக் காட்டினேன். ஒத்த விடையா சுருங்கணும்னா பன்னிரண்டு ஷீட்டாவது வேணும், நாலாவதுக்கு கட்டம் போட்டாச்சு.